வந்து போகும் ஏரியின் ஈக்கள்

கால்வே நகரைவிட்டுத் தெற்கே கில்கோல்கன் வரை கடலை ஒட்டிச் செல்லும் சாலை, அங்கே கிழக்கில் பிரிந்து கிராக்வெல் நோக்கி உள்நாட்டுக்குள் நுழைகிறது. அந்த வழியில்தான் ரஹசேன் இருக்கிறது. ஆகஸ்டு மாதத்தில் வருகிறவருக்கு இங்கே ஏரி என்று எதுவும் கண்ணில் படாது. பரந்த புல்வெளியில் மாடுகள் மேய்ந்துகொண்டிருக்கும். நடுவே டங்கெலின் ஆறு மெலிந்து ஓடும். பிப்ரவரியில் வருகிறவரோ அதே இடத்தில் இரண்டரைச் சதுர கிலோமீட்டருக்கும் மேல் விரிந்த நீரையும், ஐஸ்லாந்திலிருந்து குளிர்காலத்தைக் கழிக்க வந்த அன்னங்களையும் காண்பார். மேற்கு அயர்லாந்தின் சமவெளிக்கு அடியில் கிடப்பது சுண்ணாம்புக்கல். மழைநீர் அதை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கரைத்துப் பொந்துகளும் சுரங்க வழிகளுமாக ஆக்கியிருக்கிறது. இலையுதிர்கால மழையில் நிலத்தடி நீர் ஏறித் தரையிலுள்ள துளைகள் வழியே வெளியே வரும். கோடை நெருங்கும்போது அதே துளைகள் வழியே இறங்கிப் போகும். இப்படி வந்து போகும் ஏரியை அங்கே டர்லாக் என்கிறார்கள். உலகில் ஏறக்குறைய அயர்லாந்துக்கே உரிய நிலவகை இது. இன்று எஞ்சியிருப்பவற்றில் மிகப் பெரியது ரஹசேன். நீரில்லாத மாதத்திலும் நீர் எதுவரை ஏறும் என்பதை அந்த இடமே காட்டிக்கொடுக்கும்: கல்வேலிகளில் ஓர் உயரம்வரை கரும்பாசி படர்ந்திருக்கும், ஒரு கோட்டுக்குக் கீழே மரங்கள் வளர்ந்திருக்கா.

அன்னங்களைப் பார்க்க இங்கே வருகிறவர்கள் பலர். நத்தைகளைத் தின்று வளரும் ஈக்களைத் தேடி வருகிறவர்கள் மிகச் சிலர். சயோமைசிடே என்ற குடும்பத்தைச் சேர்ந்த இந்த ஈக்களில் உலகெங்கும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டிருக்கின்றன. வளர்ந்த ஈ யாரையும் கடிப்பதில்லை. பனித்துளியையும் தேனையும் அழுகும் பொருள்களின் சாற்றையும் நக்கி வாழ்கிறது. புழுப் பருவத்தில்தான் அது வேட்டையாடி. நத்தைக்குள் வளர்ந்த ஈயைப் பற்றிய தனித்தனிக் குறிப்புகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பிரான்சில் இருந்தன. ஆனால் நத்தையை உண்பது இந்தக் குடும்பத்தின் பொது வழக்கம் என்று காட்டியவர் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளிஃபர்ட் பெர்க். அலாஸ்காவின் நீர்நிலைகளில் தொடங்கிய ஆய்வின் முடிவை அவர் 1953-இல் வெளியிட்டார். அதன்பின் அவரும் அவருடைய மாணவர்களும் இனம் இனமாக எடுத்து முட்டையிலிருந்து ஈ வரை வளர்த்துப் பார்த்தார்கள். அந்த மாணவர்களில் ஒருவரான லாயிட் நட்சன், பிரான்சின் ழான்-குளோத் வாலாவுடன் சேர்ந்து 2011-இல் கொண்டுவந்த பெருநூல் அந்த அறுபது ஆண்டு உழைப்பின் தொகுப்பு. பூச்சியியலில் இவ்வளவு நிறைவாக வாழ்க்கை வரலாறு எழுதப்பட்ட ஈக் குடும்பங்கள் குறைவு. எனினும் ஈரநிலத்துக்குப் போகிற இயற்கை ஆர்வலர்களிலேயே பலருக்கு இவற்றின் பெயர்கூடத் தெரியாமல் இருப்பது வருத்தத்துக்குரியது.

அடையாளங்களில் முதலில் கண்ணில் படுவது உட்காரும் விதம். நீர் ஓரத்துக் கோரையிலோ நாணலிலோ, பல வேளை தலை கீழ்நோக்கி, இறக்கைகளை முதுகின்மேல் படுக்கவைத்து அசையாமல் இருக்கும். கலைத்தாலும் தூரம் பறக்காது. ஒன்றிரண்டு தாள் தள்ளிப் போய் மறுபடி உட்காரும். உடல் நீளம் இரண்டு மில்லிமீட்டரிலிருந்து பன்னிரண்டு மில்லிமீட்டர் வரை. நிறம் பெரும்பாலும் பழுப்பு அல்லது சாம்பல், சிலவற்றில் பளபளக்கும் கருநீலம். உணர்கொம்புகள் முகத்துக்கு முன்னே நீட்டிக்கொண்டிருக்கும். சாதாரண வீட்டு ஈயின் குட்டைக் கொம்புகளைப் போல மடிந்து தொங்கா. செபெடான் பேரினத்தில் அந்தக் கொம்பின் இரண்டாம் கணு மிக நீண்டது. பின்தொடையும் நீண்டு தடித்து, அடிப்பக்கம் முட்களோடு இருக்கும். ஃபெர்பினா போன்றவற்றின் இறக்கை முழுதும் வலைபோன்ற பழுப்பு வரைவு. இத்தனை இருந்தும் ஏமாற இடமுண்டு. இறக்கையில் கோலம் போட்டவை பழ ஈக்களிலும் உள்ளன. பழுப்பு நிறப் புல் ஈக்களில் வேறு பல குடும்பங்களும் அடங்கும். உருப்பெருக்கியின் கீழ் வைத்து, வாயோரம் தடித்த முன்மயிர்கள் இல்லை, இறக்கையின் முன்விளிம்பு நரம்பு எங்கும் அறுபடவில்லை, கால்தண்டின் நுனிக்குச் சற்று முன்னே முதுகுப்புறத்தில் ஒரு மயிர் நிற்கிறது என்ற மூன்றையும் சரிபார்த்தால் குடும்பத்தைப் பெரும்பாலும் நெருங்கிவிடலாம். இனத்தை உறுதிசெய்வது அவ்வளவு எளிதன்று. டெட்டனோசெரா, ஃபெர்பெல்லியா போன்ற பெரிய பேரினங்களில் ஆண் ஈயின் இனப்பெருக்க உறுப்பின் வடிவத்தைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது. பெண் ஈ மட்டும் கிடைத்தால் சில வேளை பேரினத்தோடு நிற்க வேண்டியதுதான்.

இங்கேதான் என் வாதம் தொடங்குகிறது. இந்த ஈக்களைத் தேடும் வேலையின் பெரும் பகுதி நீரைத் தேடுவது. எந்த இடத்தில், எத்தனை மாதம், எவ்வளவு ஆழத்துக்கு நீர் நிற்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகே எந்த ஈயை எங்கே எதிர்பார்க்கலாம் என்று தெரியும். பிடித்த ஈக்குப் பெயர் வைக்கும்போதும் அந்த அறிவுதான் பாதி வேலையைச் செய்கிறது. காரணம் புழுக்களின் வாழ்க்கையில் இருக்கிறது. ஒருவகைப் புழு முழுக்க நீரில் வாழ்வது. காற்றை விழுங்கி மிதந்து, உடலின் பின்முனையிலுள்ள மூச்சுத்துளையை நீர்ப்பரப்பில் ஒட்டவைத்துக்கொண்டு, மேலே மூச்சுக்கு வரும் நன்னீர் நத்தையைப் பிடித்துத் தின்னும். ஒன்றைத் தின்று முடித்ததும் அடுத்ததைத் தேடும்; வளர்ந்து முடிவதற்குள் பல நத்தைகளைக் கொன்றுவிடும். இன்னொரு வகை நீர் விலகிய ஈரச் சேற்றில், கரையில் ஒதுங்கிக் கிடக்கும் நத்தைகளைத் தேடுவது. மூன்றாவது வகை ஈரப் புல்லில் வாழும் நிலநத்தையின் ஓட்டுக்குள் நுழைந்து, அந்த ஒரே நத்தையை உண்டு வளர்ந்து முடிவது. இவற்றில் சில தாய் ஈக்கள் முட்டையையே நத்தை ஓட்டின்மேல்தான் இடும். டெட்டனோசெரா எலாட்டாவின் புழுவுக்கு இரை ஓடில்லாத நத்தை. தோட்டத்துச் செடிகளை அரிக்கும் அந்தச் சாம்பல் நிற ஓடிலி நத்தைக்குள் புகுந்து தொடங்கி, பெரிதான பிறகு வெளியே வந்து ஒன்றன்பின் ஒன்றாகக் கொல்லும். ரெனோசெரா பேரினத்தின் புழுக்கள் விரல்நகம் அளவுள்ள நன்னீர்ச் சிப்பிகளை உண்பவை. ஆன்ட்டிகீட்டா பேரினத்தவை நத்தை முட்டைகளை. ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டில் நீர்ப் புழுக்களைத் தின்னும் இனங்கள்கூடக் கண்டறியப்பட்டிருக்கின்றன. ஒரே குடும்பத்துக்குள் இரையும் இடமும் இவ்வளவு பிரிந்திருப்பதால், நீர்விளிம்பிலிருந்து பத்தடி தள்ளிப் போனாலே ஆள் மாறிவிடுகிறது.

ஒரு டர்லாக்கின் கரையிலிருந்து நடுப்பள்ளத்துக்கு நடந்து பார்த்தால் இது விளங்கும். மேலே, கரும்பாசிக் கோட்டை ஒட்டி, வெள்ளம் சில வாரமே எட்டிப் பார்க்கும் புல்தரை. புதர்களும் அங்கேயே நின்றுவிடும். அதற்குக் கீழே தாழ்ந்த கோரையும் புல்லும் கலந்த பட்டை. இன்னும் கீழே உயர்ந்த கோரை, நீர்ப்புதினா. நடுவே கோடையிலும் வற்றாத குட்டை இருந்தால் அதைச் சுற்றி நாணலும் அல்லித் தண்டும். ஒவ்வொரு பட்டைக்கும் அதற்குரிய நத்தைகள் உண்டு, நத்தைக்கேற்ற ஈக்களும் உண்டு. நீண்ட கைப்பிடியுள்ள துணி வலையைப் புல்லின் மேல் இடமும் வலமுமாக வீசிக்கொண்டு நடப்பதுதான் வழக்கமான முறை. அந்த வீச்சைப் பட்டைக்குப் பட்டை தனித்தனியாகச் செய்து, பிடித்ததைத் தனித்தனிக் குப்பியில் போட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே குப்பியில் கொட்டிவிட்டால் அன்றைய நடையில் கிடைத்த மிக மதிப்புள்ள செய்தி போய்விடும். வலையைவிட நம்பகமானது கூட்டுப்புழுவின் கூடு. நீரில் வாழும் இனங்களின் கூடு மிதக்கக்கூடியது, பலவற்றில் முனை மேல்நோக்கி வளைந்திருக்கும். நீர் இறங்கும்போது விட்டுச்செல்லும் சருகுக் கோட்டில் அவை சிக்கியிருக்கும்; அந்தச் சருகை அள்ளித் தட்டில் பரப்பினால் அகப்படும். காலி நத்தை ஓடுகளையும் ஒளிக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். ஃபெர்பெல்லியா இனங்கள் சில ஓட்டுக்குள்ளேயே கூடு கட்டி, வாயைச் சுண்ணாம்புத் தகட்டால் அடைத்துவிடுகின்றன. அப்படி அடைபட்ட ஓடு ஒன்று கிடைத்தால் அது வலையில் விழுந்த பத்து ஈக்களுக்குச் சமம். அந்த ஈ இங்கே பறந்து வந்ததன்று, இங்கேயே பிறக்கப்போவது என்பதற்கு அது சான்று.

நீர்மட்டத்துக்கும் ஈக்கும் உள்ள பிணைப்பை இலியோனே அல்பிசெட்டாவைப்போலத் தெளிவாகக் காட்டும் இனம் வேறில்லை. கோடைப் பிற்பகுதியிலும் இலையுதிர்காலத்திலும் மேற்கு அயர்லாந்தின் ஈரப்புல்லில் காணப்படும் பழுப்பு மஞ்சள் ஈ இது. உணர்கொம்பின் மயிர் வெண்மையாக இருக்கும். இலையுதிர்காலத்தில் இட்ட முட்டைக்குள் புழு உருவாகிவிடும். ஆனால் வெளியே வராது. குளிர்காலம் முழுவதும் முட்டைத் தோலுக்குள்ளேயே இருந்துவிட்டு, வசந்தத்தில் சுற்றிலும் நீர் நிற்கும்போது வெளிவந்து நத்தை வேட்டையைத் தொடங்கும். கோடைக்குள் கூட்டுப்புழுவாகி, நீர் வடிந்த தரையில் ஈயாக எழும். ஆண்டுக்கு ஒரே தலைமுறை. டர்லாக்கின் நாட்காட்டியும் இந்த ஈயின் நாட்காட்டியும் ஒன்றோடொன்று பொருந்தியிருப்பதைக் கவனியுங்கள். நீர் இரண்டு மாதம் முந்தி வடிந்தால் புழுவுக்கு இரை இல்லை. இந்தப் பொருத்தம் குலைந்தால் அந்த ஆண்டின் தலைமுறையே பாதிக்கப்படும். அடுத்த தலைமுறைக்கு இன்னோர் ஆண்டு காத்திருக்க வேண்டும். செபெடான் இனங்களின் ஏற்பாடு வேறு. அவை ஈயாகவே குளிர்காலத்தைக் கடந்து, வெயில் வந்ததும் முட்டையிட்டு, ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட தலைமுறை காணக்கூடியவை. ஆகவே ஏப்ரலில் செபெடான் கிடைக்கிறது, இலியோனே கிடைக்கவில்லை என்பதற்காக அந்த இடத்தில் இலியோனே இல்லை என்று எழுதிவிடக் கூடாது. தேடும் மாதமும் அடையாளத்தின் ஒரு பகுதியே.

இதற்கு இக்கால ஆய்வாளர்கள் சொல்லும் மறுப்பு ஒன்று உண்டு. நல்ல படக்கருவி இருக்கிறது, மரபணுக் குறியீட்டை வாசிக்கும் வசதி வந்துவிட்டது. ஒரு காலை வெட்டிக் கொடுத்தால் பெயர் வந்துவிடும்போது நீரையும் நத்தையையும் அளந்துகொண்டிருப்பானேன் என்பது அவர்கள் கேள்வி. பெயர் வரும் என்பதை மறுக்கவில்லை. பெண் ஈக்களின் சிக்கலைத் தீர்க்க மரபணு பெரிதும் உதவும், அதை வரவேற்கிறேன். ஆனால் பெயர் மட்டும் தெரிந்த ஈயால் அந்த நிலத்துக்கு என்ன பயன்? இந்த ஈக்களைக் குறித்து மேற்கு அயர்லாந்தில் கால்வே பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் உழைத்திருக்கிறார்கள். மேயோ மாவட்டத்தில் பாலின்ரோப் பகுதியிலுள்ள ஸ்கீலாகன் டர்லாக்கில் கரையிலிருந்து நடுவரை கோடு போட்டு, அந்தக் கோட்டின் நெடுகிலும் ஈக்களைப் பிடித்துப் பார்த்த ஆய்வு 2009-இல் வெளிவந்தது. வெள்ளம் எத்தனை காலம் நிற்கிறது, அதனால் எந்தச் செடிகள் வளர்கின்றன என்பதைப் பொறுத்தே ஈக்களின் கூட்டமும் மாறுகிறது என்பது அதன் சாரம். இலியோனே அல்பிசெட்டாவைக் குறியிட்டு விட்டு மீண்டும் பிடித்துப் பார்த்தபோது, பெரும்பாலானவை விட்ட இடத்தைவிட்டுச் சில பத்து மீட்டருக்கு மேல் போகாதவை என்றும் தெரிந்தது. அதனால்தான் சொல்கிறேன்: இவ்வளவு நகராத பூச்சியைப் பொறுத்தவரை பிடித்த இடம் அதன் உடலடையாளத்தோடு சேர்த்து எண்ணத்தக்கது. இடம் குறிக்காத மரபணு வரிசை ஆவணத்தில் ஒரு பெயரைக் கூட்டும். இடத்தோடு கூடிய கூடு ஒன்று அந்த ஈரநிலத்தின் நீர் வரலாற்றையே சொல்லும்.

இரண்டாவது மறுப்பு உழவர் பக்கத்திலிருந்து வருவது. அதை எளிதாக ஒதுக்க முடியாது. ஈரமான மேய்ச்சல் நிலத்தில் வாழும் கால்பா ட்ரங்கட்டூலா என்ற சிறு சேற்று நத்தை, ஆடுமாடுகளின் ஈரலைத் தாக்கும் தட்டைப்புழுவுக்கு இடைவீடு. நத்தைக்குள் புகுந்த ஓர் இளம்புழு அதற்குள்ளேயே பெருகி நூற்றுக்கணக்காக வெளியேறிப் புல்லில் ஒட்டிக்கொள்கிறது. புல்லோடு மாட்டின் வயிற்றுக்குள் போகிறது. ஈரமான 1879-80 பருவத்தில் இங்கிலாந்தில் முப்பது லட்சம் செம்மறிகள் இந்த நோயால் மாண்டதாகச் சொல்லப்படுகிறது. இந்தச் சுழற்சியை ஆக்ஸ்ஃபர்டில் தாமஸும் லைப்சிக்கில் லாய்க்கார்ட்டும் தனித்தனியே கண்டுபிடித்தது அதற்கடுத்த சில ஆண்டுகளில்தான். இன்றும் மேற்கு அயர்லாந்தின் மாட்டுப் பண்ணைகளுக்கு இது பெரும் இழப்பு. முதன்மை மருந்தான ட்ரைகிளாபெண்டசோலுக்கு அடங்காத புழுக்களும் தோன்றிவிட்டன. அப்படியானால் நத்தையைக் கொல்லும் ஈயைக் கூண்டில் வளர்த்து லட்சக்கணக்கில் வயலில் விடலாமே என்பது நியாயமான கேள்வி. கால்வேயில் 1980-களில் மைக் கார்மலி இலியோனே அல்பிசெட்டாவை ஆராயத் தொடங்கியதற்கே இந்த எண்ணம்தான் தூண்டுதல்.

இதை உண்மையாகச் செய்து பார்த்த இடம் ஹவாய். ஈரல்புழுவின் இடைவீடான நத்தையை ஒடுக்க 1950-களின் இறுதியில் நிகராகுவாவிலிருந்து ஓர் ஈயினமும், 1966-இல் ஜப்பானிலிருந்து செபெடான் இனம் ஒன்றும் அங்கே கொண்டுபோய் விடப்பட்டன. ஈக்கள் அங்கே நிலைத்தன. ஈரல்புழு ஒழியவில்லை. வேட்டையாடி இரையைக் குறைக்கும். குறைந்த இரையைத் தேடி அலைவது தனக்கே கட்டுப்படியாகாதபோது அதுவும் குறையும். சேற்று நத்தையோ ஒன்று தப்பினாலும் ஒரே கோடையில் திரும்பப் பெருகக்கூடியது. அதைவிட எனக்கு அச்சம் தருவது, அதே ஹவாயில் அதே பத்தாண்டுகளில் நத்தைக்கு எதிராகச் செய்த இன்னொரு செயல். ஆப்பிரிக்கப் பெருநத்தையை ஒடுக்க 1955-இல் ஃபுளோரிடாவிலிருந்து கொன்றுண்ணும் நத்தையான யூக்ளாண்டினாவைக் கொண்டுவந்தார்கள். அது பெருநத்தையை விட்டுவிட்டு, அந்தத் தீவுகளில் மட்டுமே வாழ்ந்த மரநத்தைகளை வேட்டையாடியது. ஹவாயின் மரநத்தை இனம் ஒன்றின் கடைசி உயிர் 2019 ஜனவரி முதல் நாள் ஆய்வகத்தில் இறந்தது. அந்த அழிவுக்குக் காரணமானவற்றுள் யூக்ளாண்டினாவும் ஒன்று. 1977-இல் அதைப் பசிபிக்கின் மூரியா தீவில் விட்ட பிறகு, பத்தாண்டு அளவில் அங்கிருந்த பார்ட்டுலா நத்தையினங்கள் காட்டிலிருந்து மறைந்தன. ஈயும் நத்தையும் ஒன்றல்ல என்று சொல்லலாம், உண்மைதான். அயர்லாந்தின் ஈயை அயர்லாந்திலேயே பெருக்குவது வெளியூர் விலங்கைக் கொண்டுவருவதைவிட எவ்வளவோ மேல் என்பதையும் ஏற்கிறேன். ஆனால் பல இனங்களின் புழுக்கள் குறிப்பிட்ட ஒரு நத்தையைத் தேர்ந்து தின்பவை அல்ல. அயர்லாந்தின் ஈரநிலங்களில் ஐரோப்பியச் சட்டம் பெயர் சொல்லிக் காக்கும் வெர்ட்டிகோ என்ற மணல்பரு அளவு நத்தைகளும் வாழ்கின்றன. புழு ஈரல்நோய் பரப்பும் நத்தைக்கும் அதற்கும் வேறுபாடு பார்க்குமா என்று சோதிக்காமல் கூண்டைத் திறக்கக் கூடாது. கண்ணாடி வீட்டுத் தோட்டத்தில், மூடிய இடத்தில், ஓடிலி நத்தைக்கு எதிராக டெட்டனோசெரா எலாட்டாவை வளர்த்துப் பார்ப்பது தனிச் செய்தி. அதற்கு நான் எதிரானவன் அல்லன்.

உழவர் தரப்பில் இன்னும் கடுமையாகச் சொல்கிறவர்களும் உண்டு. நத்தைக்கு ஈரம் வேண்டும், ஆகவே டர்லாக்கையே வடித்துவிட்டால் நத்தையும் இல்லை, நோயும் இல்லை என்பது அவர்கள் கணக்கு. இந்தக் கணக்கை அயர்லாந்து ஏற்கெனவே ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் போட்டுப் பார்த்துவிட்டது. பத்து ஹெக்டேருக்கு மேற்பட்ட டர்லாக்குகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வடிகால் வெட்டியதால் மீளாத அளவு கெட்டுப்போனது. நோய் போகவில்லை. கால்பா ட்ரங்கட்டூலாவுக்குப் பிடித்த இடம் ஆழமான நீரன்று. மாட்டின் குளம்பு பதிந்த சேறும், வெட்டிய வாய்க்காலின் வெறுங்கரையும், தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிய கசிவும்தான். ஏரியை வடிக்க வெட்டும் வாய்க்கால் ஒவ்வொன்றும் அந்த நத்தைக்குப் புதுக் குடியிருப்பாகிறது. அதே நேரத்தில் அதைத் தின்னும் ஈக்குத் தேவையான உயரப் புல்லும் மெதுவாக இறங்கும் நீரும் போய்விடுகின்றன. கால்நடை மருத்துவர்கள் சொல்வதும் இதையொட்டியே இருக்கிறது: சேற்று மூலைகளுக்கு வேலி, பருவமறிந்து மருந்து, மேய்ச்சலை மாற்றுவது. கிளேர் மாவட்டத்தின் பர்ரன் பாறைநிலத்தில் மாடுகளைக் குளிர்காலத்தில் உலர்ந்த மேட்டுக்கு ஏற்றிவிட்டுக் கோடையில் தாழ்நிலத்துக்கு இறக்கும் பழைய வழக்கம் இன்றும் உயிரோடு இருக்கிறது. ஈரத்தோடு ஒத்துப்போகிற அந்த மேய்ச்சலும் ஈக்களுக்கு உதவியே. மேய்ச்சலே இல்லாவிட்டால் புதர் மூடிவிடும். மிதமிஞ்சினால் ஈ உட்காரத் தாளே இருக்காது.

வெள்ளத்தைப் பற்றிய மறுப்பு இவை எல்லாவற்றிலும் கனமானது. ரஹசேனுக்குத் தெற்கே கோர்ட் ஊரைச் சுற்றிய தாழ்நிலத்தில், பழைய கூல் பண்ணை அருகே, டர்லாக்குகள் நிலத்தடியில் ஒன்றோடொன்று தொடர்புடையவை. 1995-லும் 2009-லும் அங்கே நீர் எல்லை மீறி ஏறியது. வீடுகள் சூழப்பட்டன, சாலைகள் வாரக்கணக்கில் மூழ்கின. ஈக்காக ஒரு குடும்பம் நீரில் கிடக்க வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. ஆனால் இரண்டு காரியங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அரிதாக வரும் பெருவெள்ளத்தின் உச்சியை மட்டும் வெட்டி, மிஞ்சிய நீரைக் கடலுக்கு விடுவது ஒன்று; அடிமட்டத்தில் வாய்க்கால் தோண்டி, ஆண்டுதோறும் வந்து போகும் நீரையே இல்லாமல் செய்வது மற்றொன்று. முன்னது சாலையையும் வீட்டையும் காக்கும். ஈக்கும் நத்தைக்கும் அன்னத்துக்கும் அதனால் பெரிய கேடில்லை, ஏனெனில் அவற்றின் வாழ்க்கை ஆண்டுதோறும் திரும்பும் மட்டத்தோடு பிணைந்தது. பின்னது நிலத்தையே வேறாக்கிவிடும். 1992-ஆம் ஆண்டின் ஐரோப்பிய வாழிடச் சட்டம் டர்லாக்கை முன்னுரிமை கொடுத்துக் காக்க வேண்டிய வகையாகச் சேர்த்திருக்கிறது. சட்டம் இருந்தால் போதாது. எந்த மட்டம்வரை விட்டுவைப்பது என்று பொறியாளர் முடிவு செய்யும் நாளில் அவருக்கு அளவுகோல் வேண்டும். பல்லாண்டு மழைக்கணக்கு ஒரு அளவுகோல். எந்தப் பட்டையில் எந்த ஈ பிறக்கிறது என்ற பட்டியலையும் அதன் பக்கத்தில் வைக்கலாம். நீர் எத்தனை காலம் நின்றது என்பதைக் கருவி வைக்காத இடத்திலும் ஈ காட்டும்.

நம் வயல்வெளியில் நத்தையை ஓட்டோடு குத்தி எடுக்கும் நத்தைக்குத்தி நாரையை அறியாதவர் இல்லை. நன்னீர் நத்தைகளைத் தின்னும் செபெடான் ஈக்களும் இந்திய நெல்வயல்களில் இருக்கின்றன. ஆசிய நெல்வயல் இனங்களின் வாழ்க்கையைத் தாய்லாந்தில் 1970-களிலேயே வளர்த்து ஆராய்ந்திருக்கிறார்கள். நம் மாடுகளின் ஈரல்புழுவுக்கும், நாற்று நடுகிறவர்களின் காலில் வரும் நீர்ச்சொறிக்கும் நன்னீர் நத்தைகளே இடைவீடு. ஆகவே இது நமக்கு அயல் பொருளன்று. ஏரியின் உள்வாயில் பட்டம் பார்த்துப் பயிரிட்டு, நீர் ஏறும்போது பின்வாங்கத் தெரிந்த ஊர்களுக்கு, வந்து போகும் நீரின் மதிப்பை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. தமிழ்நாட்டிலோ ஈழத்திலோ வயல் வரப்பில், ஏரி ஓரத்தில் பூச்சிகளைப் படமெடுக்கும் இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. நீண்ட கொம்போடு தலைகீழாக உட்கார்ந்திருக்கும் ஈயைப் பார்த்தால் படத்தோடு நிறுத்திவிடாதீர்கள். அன்றைய தேதி, நீர் விளிம்பிலிருந்து எத்தனை அடி, நீரின் ஆழம், உட்கார்ந்திருந்த செடி, அருகிலிருந்த நத்தை ஆகிய ஐந்தையும் எழுதிவையுங்கள். காலி ஓடுகளைத் தூக்கி வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளே அடைப்பு இருந்தால் ஒரு குப்பியில் வைத்து ஈ வரும்வரை காத்திருங்கள். ஏரியின் மட்டத்தை மாற்றுவதற்கு முன் அந்தக் குறிப்பைக் கேட்கும் வழக்கமும் நம் பொதுப்பணி வேலைகளில் வர வேண்டும்.